ஒரு இலக்கம், இரண்டு வயது

நம்ம ரோல் நம்பரைப் பார்த்தாலே எந்த பேட்ச் என்று சொல்லிவிடலாம், இல்லையா? ட்ரம்ஸில் அடிக்கிற சிம்பல் தட்டுக்கும் அப்படி ஒரு எண் உண்டு. ஸ்விட்சர்லாந்தின் பைஸ்டி கம்பெனி 1970களில் தட்டில் ஆறு இலக்க எண் பொறிக்க ஆரம்பித்தது. ஆண்டின் கடைசி இலக்கம்தான் அதன் முதல் இலக்கம். 7 என்றால் 1977. ஆனால் 1987க்கும் அதே 7தானே! இன்னொரு இலக்கம் போட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்? இன்ஜினியராக எனக்கு இது ஆதங்கம். பழசுக்கு விலை கூடுதல். விற்கிறவர் எந்த வருஷத்தைச் சொல்வார்?

அதனால் மாடலையும் பார்க்கணும். '2002' வரிசை வந்தது 1971இல்; அதில் 7 இருந்தால் குழப்பம் தீராது. 'ரூட்' வரிசை 1980இல்தான் வந்தது. அந்தத் தட்டை 1977 என்று யாராவது சொன்னால் பர்ஸை மூடிவிடுங்கள். அமெரிக்க ஜில்ஜியனின் பழைய தட்டுகளிலோ எண்ணே கிடையாது. முத்திரையின் வடிவத்தை வைத்துத்தான் காலம் கணிக்கிறார்கள்.