அவதூறும் அற்புதமும்: மெய்க்கதைகளின் பக்தி வடிவம் பற்றிய ஒரு குறிப்பு

மெய்ந்நிகழ்ச்சியை அடியொற்றியவை எனப்படும் சமயத் திரைப்படங்களைப் பற்றிய விவாதம், காட்டப்படுவது நடந்ததா என்ற வினாவுடன் பெரும்பாலும் நின்றுவிடுகின்றது. நடந்தது எவ்வாறு மாற்றப்பட்டது, அம்மாற்றம் யாருக்குப் பயன்பட்டது என்பனவும் எழுப்பப்பட வேண்டிய வினாக்களாகும். கத்தோலிக்கக் கதை மரபிலிருந்து தமிழ்த் திரைக்கு வந்த ஒரு கதையையும், கொட்டாஞ்சேனையின் வரலாற்று நிகழ்ச்சி ஒன்றையும் இந்நோக்கில் ஒப்பிடுவோம்.

1948இல் 'ஞானசௌந்தரி'யை இயக்கிய எவ். நாகூர், 1953இல் எம்.ஜி. இராமச்சந்திரனும் பி.எஸ். சரோஜாவும் நடித்த 'ஜெனோவா'வை இயக்கினார். அதன் மூலம் ஓர் ஐரோப்பியப் பழங்கதை. தலைவன் போருக்குச் செல்ல, அவனது பொறுப்பாளன் கோலோ தன் இச்சைக்கு இணங்காத தலைவிமீது பழி சுமத்துகின்றான். அவளைக் கொல்லப் பணிக்கப்பட்டோர் இரங்கிக் காட்டில் விட்டுவிடுகின்றனர். அங்கே அவள் குழந்தைக்கு மானொன்று பாலூட்டுகின்றது. வேட்டைக்கு வந்த தலைவன் உண்மையறிந்து அவளை ஏற்கின்றான்.

இக்கதைக்கு அடிப்படை எனப் பொதுவாகக் கருதப்படும் நிகழ்ச்சியின் முடிவோ வேறு. பவேரியாக் கோமகன் இரண்டாம் லூட்விக், ஆதாரமற்ற ஐயத்தின் பேரில், தன் மனைவியான பிரபாண்ட் நாட்டு மரியாவை 1256 சனவரி 18இல் சிரச்சேதம் செய்வித்தான்; பின்னர் கழுவாயாகத் துறவிமடமொன்றை நிறுவினான். அங்கு மான் எதுவும் வரவில்லை.

இம்மாற்றத்தில் முரண்பட்ட இரு நலன்கள் செயற்படுவதைக் காண்கின்றோம். பிரபுவின் குற்றம் பணியாளனின் தலையில் ஏற்றப்படுகின்றது. மனைவியைக் கொல்லும் நிலமானிய அதிகாரம் கேள்விக்குள்ளாவதில்லை. மறுபுறம், கொல்லப்பட்டவளைக் கதையில் உயிருடன் மீட்டதன் மூலம் மக்கள் அத்தீர்ப்பை நிராகரிக்கின்றனர். அற்புதத்தை மூடநம்பிக்கை என்று மட்டும் ஒதுக்கும் திறனாய்வு இவ்விரண்டாவது அம்சத்தைத் தவறவிடுகின்றது.

அவதூறு கொட்டாஞ்சேனைக்கும் புதிதன்று. 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறன்று, தீபதுத்தாராம விகாரையை நோக்கிச் சென்ற பௌத்த ஊர்வலம் புனித லூசியா ஆலயத்துக்கு அண்மையில் தாக்கப்பட்டது. மரியாளை இழிவுபடுத்தும் உருவம் ஊர்வலத்தில் வருகின்றது என்ற வதந்தி கத்தோலிக்கரிடையே பரவியிருந்தது. குற்றவாளிகள் தண்டிக்கப்படாமையால் 1884இல் ஒல்கொட் இலண்டன் சென்று முறையிட்டார். 1885இல் வெசாக் விடுமுறை கிடைத்தது.

இங்கே தனியொரு கோலோவைத் தேடிப் பயனில்லை. 1873இன் பாணந்துறை விவாதத்தில் உச்சம் பெற்ற சமயப் பூசல், அதனைப் பரப்பிய அச்சியந்திரம், எழுச்சியுற்றுவந்த சுதேச வணிக வர்க்கம், ஊர்வல அனுமதியில் தடுமாறிய குடியேற்ற ஆட்சி ஆகிய யாவும் அவ்வதந்திக்கு வலுவூட்டின. துறைமுகத்தை அண்டி உழைத்து வாழ்ந்தோரே தெருவில் மோதுண்டனர்.

இத்தகைய வரலாற்றை ஒரு வில்லனாகவும் ஒரு மன்னிப்பாகவும் சுருக்கும் படம் பார்வையாளரின் கண்ணீரைப் பெறலாம். எனினும், வதந்தியை விளைவித்த நிலம் அவ்வாறே கிடக்கும். பல சமயத்தாரும் அடுத்தடுத்து வாழும் கொட்டாஞ்சேனை போன்ற நகர்ப்பகுதிகளில் அது மீண்டும் விளையக்கூடியது. ஆதலின், மெய்க்கதை என வரும் பக்திப் படங்களில் யாருடைய குற்றம் யாருக்கு மாற்றப்பட்டுள்ளது என்பதையே நாம் முதலிற் கணித்தல் வேண்டும்.