உலை குளிரும் வரை உறங்கிய அரசு

2025ஆம் ஆண்டு ஏப்ரல் 12, சனிக்கிழமை. விடுமுறைக்குச் சென்றிருந்த பிரிட்டிஷ் பார்லிமெண்டு உறுப்பினர்கள் அவசர அவசரமாக அழைக்கப்பட்டனர். சனிக்கிழமையில் அம்மன்றம் கூடுவது அரிது. போர் மேகம் சூழ்ந்த வேளைகளிலே கூடியதுண்டு. அன்று கூடியது போருக்காக அல்ல, ஸ்கன்தார்ப் நகரத்து இரண்டு ஊதுலைகளுக்காக! அரசி ஆன், அரசி பெஸ் என்பன அவ்வுலைகளின் பெயர்கள். ஆலையின் உடைமையாளரான ஜிங்யே என்னும் சீனக் கம்பெனி, நாளொன்றுக்கு 7 லட்சம் பவுன் நட்டம் என்று கைவிரித்தது. கரியும் தாதும் வந்து சேருமா என்ற ஐயம் எழுந்தது. ஊதுலை என்பது இரவில் அணைத்துக் காலையில் மூட்டும் அடுப்பன்று. உள்ளே இரும்பு உறைந்துவிட்டால் உலையே பாழ். ஆகவே ஒரே நாளில் சட்டம் பிறந்தது. ஆலையை நடத்தும் அதிகாரம் அரசின் கைக்கு வந்தது.

பெசமர் பிறந்த நாடு அது. உலகெங்கும் தண்டவாளம் அனுப்பிய நாடு அது. எஞ்சிய இரண்டு உலைகளைக் காக்க ஓடோடி வரும் நிலை அதற்கு ஏன் வந்தது?

"ஏறியது இறங்கும், எல்லாம் காலத்தின் கோலம்" என்று கூறி நகர்ந்துவிடுவர் விதியை நம்புவோர். நாம் காரணம் தேடுவோர். தேடினால் காரணங்கள் கிடைக்கின்றன. அவை அனைத்தும் மனிதர் செய்தவை.

முதற்காரணம், பழம்பெருமை. 1856இல் பெசமர் கண்ட முறையால் எஃகு மலிந்தது. ஆனால் பாஸ்பரஸ் கலந்த தாதைக் கொண்டு அம்முறையில் செய்த எஃகு முறிந்துபோயிற்று. அந்தச் சிக்கலை அவிழ்த்தவர் ஆலை முதலாளி அல்லர், பட்டம் பெற்ற பேராசிரியரும் அல்லர். லண்டன் போலீஸ் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து, மாலை வகுப்பில் வேதியியல் பயின்ற சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ்! உலையின் உட்சுவருக்குச் சுண்ணாம்புத் தன்மையுள்ள பூச்சு அமைத்தால் பாஸ்பரஸ் பிரிந்துவிடும் என்று, ஒன்றுவிட்ட சகோதரர் பெர்சி கில்கிறிஸ்டுடன் சேர்ந்து மெய்ப்பித்தார். 1879இல் மிடில்ஸ்பரோ நகரில் அம்முறை வெற்றிகரமாகச் செய்து காட்டப்பட்டது. ஜெர்மானியர் விரைந்து உரிமை வாங்கினர். லொரேன் பகுதியின் பாஸ்பரஸ் தாது அவர்களுக்குப் பொன்னாயிற்று. கண்டுபிடித்த நாட்டின் முதலாளிகளோ பழைய முறையையும் பழைய ஆலையையும் பெரிதும் கட்டிக்கொண்டிருந்தனர். 1890களில் ஜெர்மனி பிரிட்டனை முந்திற்று; அமெரிக்கா அதற்கு முன்பே முந்திவிட்டது. பாட்டனின் புகழைப் பாடினால் உலை எரியுமா?

இரண்டாவது காரணம், கட்சிப் பந்தாட்டம். 1951 பிப்ரவரியில் தொழிற்கட்சி அரசு எஃகுத் தொழிலை நாட்டுடைமை ஆக்கியது. அவ்வாண்டே ஆட்சிக்கு வந்த சர்ச்சிலின் பழமைக் கட்சி, 1953இல் சட்டம் இயற்றி அதைத் தனியாரிடம் திருப்பியது. 1967இல் தொழிற்கட்சி மீண்டும் பறித்து, 14 பெருங் கம்பெனிகளை இணைத்து பிரிட்டிஷ் எஃகுக் கழகம் அமைத்தது. 1988இல் பழமைக் கட்சி மறுபடி விற்றது. நாளை எவன் உடைமை என்று தெரியாத தோட்டத்தில் எவன் தென்னை நடுவான்?

மூன்றாவது காரணம், காலங்கடந்த கணக்கு. 1970இல் அந்நாடு ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம் டன் எஃகு வார்த்தது. 1973இல் அரசு, உற்பத்தித் திறனை 3 கோடியே 30 லட்சம் டன்னுக்கு மேல் உயர்த்தப் பெருந்திட்டம் தீட்டியது. அவ்வாண்டின் இறுதியிலேயே எண்ணெய் நெருக்கடி வந்தது. உலகெங்கும் எஃகின் தேவை சுருங்கிற்று. புதிய ஆலைக்குக் கடன் ஏறியது; பழைய ஆலையில் நட்டம் ஏறியது.

அந்தத் தவற்றுக்கு விலை கொடுத்தவர் யார்? திட்டம் தீட்டியவரா? இல்லை. 1980 ஜனவரியில் தொழிலாளர் வேலை நிறுத்தம் தொடங்கினர். 13 வாரம் பட்டினியோடு போராடினர். அதே ஆண்டில், 140 ஆண்டுகள் இரும்பு வார்த்த கன்செட் நகரின் ஆலை மூடப்பட்டது. கழகத்தில் 1980இல் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். மூன்றே ஆண்டுகளில் அத்தொகை பாதிக்கும் கீழே சென்றது. ஆலைச் சங்கை நம்பி எழுந்து, ஆலைச் சங்கை நம்பி உண்டு உறங்கிய ஊர்கள் ஊமையாயின.

"விற்றுவிட்டால் சரியாகும்" என்றனர். விற்றார்கள். 1999இல் டச்சுக் கம்பெனியோடு இணைந்து கோரஸ் ஆயிற்று. 2007இல் டாட்டா வாங்கியது. 2016இல் ஸ்கன்தார்ப் ஆலையை ஒரே ஒரு பவுனுக்கு வேறொரு கம்பெனியிடம் கொடுத்தது. 2019இல் அதுவும் நொடித்தது. 2020இல் ஜிங்யே வந்தது. வேல்சிலுள்ள போர்ட் டால்பட்டில், மின்னுலை அமைக்க அரசு 50 கோடி பவுன் தர இசைந்தது. 2024 செப்டம்பர் 30இல் அங்கே கடைசி ஊதுலை அணைந்தது. ஏறத்தாழ 2,800 பேரின் வேலை போகும் என்று அறிவிக்கப்பட்டது. வெள்ளை முதலாளி போனான், இந்திய முதலாளி வந்தான், சீன முதலாளி வந்தான். நிறம் மாறிற்று, இலாபக் கணக்கு மாறவில்லை.

அரசு தலையிடலாமா கூடாதா என்று ஏடுகள் வழக்காடுகின்றன. பயனற்ற வழக்கு! அரசு எந்நாளும் தலையிட்டே வந்திருக்கிறது. வாங்கும்போதும் தலையிட்டது, விற்கும்போதும் தலையிட்டது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: எப்போது தலையிட்டது? யாருக்காக? யாரைக் கேட்டு?

பிரிட்டன் முதன்முறை நாட்டுடைமை ஆக்கிய அதே 1951இல், மேற்கு ஜெர்மனி வேறொரு சட்டம் செய்தது. நிலக்கரி, எஃகுக் கம்பெனிகளின் மேற்பார்வை மன்றத்தில் பங்குதாரருக்குச் சமமான இடம் தொழிலாளருக்கும் என்றது அச்சட்டம். அங்கேயும் ஆலைகள் மூடப்பட்டன, ஆட்கள் குறைந்தனர். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அம்முடிவுகள் எடுக்கப்பட்ட மேசையில் தொழிலாளியும் அமர்ந்திருந்தான். பிரிட்டனில் உடைமை மாறியது, மேசை மாறவில்லை. முதலாளி இருந்த நாற்காலியில் அதிகாரி அமர்ந்தான். கதவுக்கு வெளியே நின்றவன் வெளியேதான் நின்றான்.

தோழர்களே! நாட்டுடைமை நல்ல மருந்துதான். ஆனால் மூச்சு நிற்கும் வேளையில் ஊட்டினால் மருந்து என்ன செய்யும்? அறிவியல் புதுவழி காட்டும் அன்றே அதை ஏற்கும் துணிவும், ஆட்சி மாறினாலும் மாறாத திட்டமும், உழைப்பவனுக்கு உரிய நாற்காலியும் சேர்ந்தால்தான் அம்மருந்து பலிக்கும். ஸ்கன்தார்ப்புக்காகக் கூடிய பார்லிமெண்டு, கன்செட்டுக்காக ஒரு சனிக்கிழமை கூடியதா? இந்தக் கேள்வியை நெஞ்சில் நிறுத்துவோம். நம் பக்கத்து ஆலையின் புகைபோக்கி புகையும்போதே கேட்போம்; குளிர்ந்த பின்னர் கேட்டுப் பயனில்லை.