யாருக்கு விடுமுறை?

மார்ச் 8 வந்துவிட்டால் நம் அலுவலகங்களில் கோலப் போட்டி நடக்கிறது. ஆளுக்கொரு ரோஜாப்பூ. மேடையில் ஆண் அதிகாரியின் வாழ்த்துரை. 'இதுல என்னங்க தப்பு? வருஷத்துல ஒரு நாளாவது மதிக்கிறாங்கல்ல' என்று தோழி ஒருவர் கேட்டார். மதிப்பதில் தப்பில்லை. ஆனால் இந்த நாளின் வரலாற்றில் மதிப்பு கடைசியாகத்தான் வந்து ஒட்டிக்கொள்கிறது. முதலில் இருந்தது மறுப்பு.

1910இல் கோபன்ஹேகனில் கூடிய சோஷலிசப் பெண்கள் மாநாட்டில், ஆண்டுதோறும் ஒரு பெண்கள் தினம் வேண்டுமென்று கிளாரா ஜெட்கினும் அவரது தோழியரும் முன்மொழிந்தார்கள். தேதி எதையும் குறிக்கவில்லை. குறித்தது கோரிக்கையை: வாக்குரிமை. அடுத்த ஆண்டு மார்ச் 19 அன்று ஜெர்மனி, ஆஸ்திரியா, டென்மார்க், சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் முதல் தினம் கடைப்பிடிக்கப்பட்டது.

மார்ச் 8 என்கிற தேதியை நிலைக்கச் செய்தவர்கள் பெத்ரோகிராத் நெசவாலைப் பெண்கள். 1917. ரஷ்யப் பழைய நாட்காட்டியில் அது பிப்ரவரி 23. போர், ரொட்டித் தட்டுப்பாடு, கடைவாசலில் மணிக்கணக்கில் வரிசை. அன்று வேலைநிறுத்தம் வேண்டாம் என்பதே வைபோர்க் பகுதி போல்ஷ்விக் தோழர்களின் நிலைப்பாடு. பெண்கள் கேட்கவில்லை. ஆலையை விட்டுத் தெருவில் இறங்கி, உலோக ஆலை ஆண்களையும் கூப்பிட்டார்கள். ஒரு வாரத்தில் ஜார் முடிதுறந்தான். ட்ராட்ஸ்கியே தன் வரலாற்று நூலில் இதை ஒத்துக்கொள்கிறார். 1921இல் கம்யூனிஸ்ட் பெண்கள் மாநாடு அந்த நினைவாக மார்ச் 8ஐ உறுதி செய்தது.

பிறகு நடந்ததுதான் நாம் யோசிக்க வேண்டியது. 1930இல் கட்சியின் பெண்கள் பிரிவு கலைக்கப்பட்டது. பெண் பிரச்சினை தீர்ந்துவிட்டதாம்! 1920இல் சட்டப்படி கிடைத்த கருக்கலைப்பு உரிமை 1936இல் பறிக்கப்பட்டது. 1944இல் பத்துப் பிள்ளை பெற்று வளர்த்தவளுக்கு 'வீரத்தாய்' பட்டம். 1965இல் மார்ச் 8 அரசு விடுமுறையாக அறிவிக்கப்பட்டது. ஆலைக்கு விடுமுறை, அடுப்புக்கு இல்லை. கணவன் மிமோசாப் பூ வாங்கி வருவான், விருந்து சமைப்பவள் அவள்தான். அரசின் கதையாடலுக்குள் நுழைந்ததும், மறுத்து நின்ற உடல் பூ வாங்கிக்கொள்ளும் உடலாகிவிடுகிறது.

நினைவும் இப்படியே திருத்தப்பட்டது. 1857 மார்ச் 8 அன்று நியூயார்க் ஆடைத் தொழிலாளிப் பெண்கள் நடத்திய போராட்டமே இந்த நாளின் மூலம் என்று நம் துண்டறிக்கைகளிலும் அச்சாகிறது. நானும் எழுதியிருக்கிறேன். அப்படியொரு சம்பவத்துக்கு ஆதாரமே இல்லை, 1955வாக்கில் பிரெஞ்சுப் பத்திரிகையில் முளைத்த கதை இது என்று லிலியான் காண்டெல், பிரான்சுவாஸ் பிக் என்கிற பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1982இல் எழுதினார்கள். பெத்ரோகிராத்தை மறக்க இந்தக் கதை வசதியாய்ப் போயிற்று.

1975ஐ ஐ.நா. சர்வதேச மகளிர் ஆண்டாக அறிவித்தது. பல நாடுகளில் மாநாடு போட்டார்கள். ஐஸ்லாந்துப் பெண்கள் வேறொன்று செய்தார்கள். அக்டோபர் 24 அன்று வேலைக்குப் போகவில்லை. வீட்டில் சமைக்கவில்லை, பிள்ளைகளைப் பார்க்கவில்லை. சுமார் 90 சதவீதம் பெண்கள். வேலைநிறுத்தம் என்றால் சிலர் தயங்குவார்கள் என்று 'பெண்கள் ஓய்வு நாள்' எனப் பெயர் வைத்தார்கள். அப்பாக்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அலுவலகம் போனார்கள். அடுத்த ஆண்டே அங்கே சமத்துவச் சட்டம் வந்தது.

பெத்ரோகிராத்தில் ஆலை நின்றது. ஐஸ்லாந்தில் ஆலையோடு அடுப்பும் நின்றது. நம் கோலப் போட்டியில் எது நிற்கிறது? பரிசாகக் கிடைத்த டிபன் பாக்ஸோடு தோழி ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். வீட்டில் உலை வைக்க இன்னும் யாரும் எழுந்திருக்கவில்லை.