மதுரை வட்டாரமும் தசை நீட்சிப் பயிற்சியின் வரலாறும்

தசை நீட்சிப் பயிற்சி என்பது தசைகளை மெல்ல இழுத்து, மூட்டுகளின் அசைவு எல்லையைக் கூட்டும் உடற்பயிற்சி ஆகும். இழுத்த நிலையில் சில நொடிகள் அசையாமல் நிறுத்துவது நிலை நீட்சி எனப்படும். கை கால்களை வீசியும் சுழற்றியும் செய்வது இயக்க நீட்சி. ஓட்டத்திற்கும் ஆட்டத்திற்கும் முன் இவற்றில் எதைச் செய்வது என்ற கேள்விக்கான விடை கடந்த நூறு ஆண்டுகளில் பெரிதும் மாறியுள்ளது. மதுரைச் சமவெளியின் சிலம்பக் களம், பள்ளி மைதானம், ஓடுபாதை ஆகியவற்றோடு அந்த வரலாற்றைச் சேர்த்துப் பார்க்கலாம்.

சிலம்பக் களம்

மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் சிலம்பம் பயில வருபவர் முதலில் கற்பது காலடி முறைகளை. முழங்காலை மடக்கி, இடுப்பைத் திருப்பி, முன்னும் பின்னும் அடியெடுத்து வைத்துப் பழகிய பிறகே கம்பு வீச்சு வேகம் பெறும். உடலை உரமேற்றத் தண்டாலும் பஸ்கியும் எடுப்பர், கர்லாக்கட்டை சுற்றுவர். உடலை முன்னே தாழ்த்தி மார்பை மேலே உயர்த்தும் தண்டாலில் தோள், வயிறு, பின்தொடை ஆகியவற்றின் தசைகள் மாறி மாறி நீளுகின்றன. கர்லாக்கட்டை தோள் மூட்டை முழு வட்டமாகச் சுழலச் செய்கிறது. இம்மரபில் நீட்சி என்று தனிப் பாடம் இல்லை. அது அசைவுக்குள்ளேயே அடங்கியிருந்தது.

அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஆகிய ஊர்களின் ஏறுதழுவுதலும் இத்தகைய உடலையே கேட்கிறது. திமிலைப் பிடித்தவர் காளையின் திடீர்த் துள்ளலுக்கு ஈடுகொடுக்க வேண்டும். அப்போது தோளிலும் தொடையின் உட்புறத்திலும் உள்ள தசைகள் நீண்டுகொண்டே விசையையும் தாங்க வேண்டியிருக்கிறது.

டிரில் வகுப்பு

பள்ளிகளுக்கு வந்த உடற்பயிற்சியின் வேர் வேறு. சுவீடனைச் சேர்ந்த பெர் என்ரிக் லிங் (1776–1839) கட்டளைக்கும் எண்ணிக்கைக்கும் ஏற்ப உடலை நிறுத்தும் பயிற்சி முறையை வகுத்தார். அது பிரித்தானியப் பள்ளிகளுக்குச் சென்றது. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியப் பள்ளிகளிலும் டிரில் வகுப்பு இடம்பெற்றது. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். பயிற்சி பெற்ற உடற்கல்வி ஆசிரியர்கள் உருவாக அது வழிவகுத்தது.

1970களில் அமெரிக்காவில் மெதுவோட்டம் பரவியபோது நிலை நீட்சியும் அதனுடன் பரவியது. பாப் ஆண்டர்சன் 1975இல் வெளியிட்ட நீட்சிப் பயிற்சி நூல் அதற்குப் பெரிதும் துணைநின்றது. ஓடுவதற்கு முன் குனிந்து கால்விரலைத் தொட்டு, எண்ணிக்கை முடியும்வரை நிற்பது உலகெங்கும் மைதான வழக்கமாயிற்று.

தசைக்குள் நடப்பது

1924இல் லிடெல், ஷெரிங்டன் இருவரும் நீட்சி அனிச்சைச் செயலை விளக்கினர். தசையைத் திடீரென இழுத்தால் அதனுள் இருக்கும் உணர்கதிர்கள் தண்டுவடத்திற்குச் செய்தி அனுப்பும். தசை உடனே சுருங்கும். வெட்டி இழுத்து நீட்சி செய்யக்கூடாது என்பதற்கு இதுவே காரணமாகச் சொல்லப்படுகிறது. 1954இல் இரு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே, ஆக்டின், மயோசின் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால் தசை சுருங்குகிறது என்று காட்டின. தசை நீளும்போது அவ்விழைகள் விலகுகின்றன. டைட்டின் என்னும் புரதம் சுருள்வில் போல் அதைத் திரும்ப இழுக்கிறது.

சில வாரப் பயிற்சியில் உடல் கூடுதலாக வளைவதற்குத் தசை நீளமாகிவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். இழுப்பைப் பொறுத்துக்கொள்ள நரம்பு மண்டலம் பழகுவதே இதில் பெரும்பங்கு வகிக்கிறது என ஆய்வுகள் கூறுகின்றன.

கேள்விக்குள்ளான வழக்கம்

ஆத்திரேலியாவில் 1538 படைப்பயிற்சியாளர்களிடம் 12 வாரங்கள் நடத்திய ஆய்வு 2000இல் வெளியானது. பயிற்சிக்கு முன் நிலை நீட்சி செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் கால் காயங்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஒரு தசையை 60 நொடிக்கு மேல் இழுத்துப் பிடித்தால் அதன் விசை சிறிது நேரத்திற்குக் குறைகிறது என்பதையும் பின்வந்த ஆய்வுகள் காட்டின. டென்மார்க்கில் 942 கால்பந்து வீரர்களிடம் நடத்தி 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வில், பின்தொடைத் தசையை நீளும் நிலையில் வலுவாக்கும் பயிற்சி செய்த குழுவில் 15 காயங்களும், செய்யாத குழுவில் 52 காயங்களும் பதிவாயின. காயத்தைத் தடுப்பதில் வளைவை விட வலு கூடுதலாக உதவக்கூடும் என்பதை இது உணர்த்தியது.

ஓடுபாதை

மதுரையை அடுத்த சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணி பெற்றோரை இளவயதிலேயே இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். தொடக்கத்தில் வெறுங்காலில் ஓடிய அவர், 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 மீட்டர் கலப்புத் தொடரோட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். விரைவோட்டத்தில் வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன் பின்தொடைத் தசை மிக நீண்டும் இறுகியும் இருக்கிறது. இடுப்பு, முழங்கால் என இரு மூட்டுகளைக் கடந்து செல்லும் இத்தசை பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான் கிழிகிறது.

இது பதக்கம் தேடுவோருக்கு மட்டுமான செய்தி அன்று. காவலர் உடற்தகுதித் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரும் பெண்கள் 400 மீட்டரும் ஓடித் தகுதி பெற வேண்டும். அதற்காக விடியற்காலையில் ஊர் மைதானங்களில் ஓடும் இளைஞர்கள் பலருக்குப் பயிற்சியாளர் கிடையாது. தேர்வுக்கு முந்தைய வாரம் தொடைத் தசை கிழிந்தால் அடுத்த அறிவிப்புவரை காத்திருக்க வேண்டும். அதற்குள் வயது வரம்பும் கடந்துவிடலாம்.

இன்றைய நடைமுறை எளியது. முதலில் ஐந்து முதல் பத்து நிமிடம் மெல்ல ஓடி உடலைச் சூடாக்க வேண்டும். பிறகு கால் வீசுதல், முழங்காலை உயர்த்தி நடத்தல், இடுப்பைச் சுழற்றுதல் ஆகியவற்றைச் செய்து, வேகத்தைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். நிலை நீட்சியை ஓட்டம் முடிந்தபின் அல்லது தனி நேரத்தில், தசைக்கு 30 நொடி அளவில், வலி தோன்றாமல் செய்யலாம். வாரத்தில் இரு நாள் தொடைக்கு வலுப் பயிற்சியும் தேவை. அசைவால் உடலைத் தயார்செய்யும் சிலம்பக் களத்தின் ஒழுங்கும் இன்றைய விளையாட்டு அறிவியலும் இவ்விடத்தில் அருகருகே வந்து நிற்கின்றன.