ஒரு முன்னெழுத்தின் பின்னால்

டி. கல்லுப்பட்டிப் பக்கத்தில் ஒரு பள்ளி மைதானம். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி பந்தைத் தட்டிக்கொண்டே கேட்டாள்: "பாஸ்கெட்பால் ஆடுனா வேலை கெடைக்குமா சார்?"

சட்டென்று பதில் வரவில்லை. கூடைப்பந்தைப் பிழைப்பாக்கிக்கொண்ட தமிழ்ப் பெண் ஒருவரின் தொடக்க ஆண்டுகளைக் காகிதத்தில் பிடித்துவிட்டால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். யாரைத் தேடுவது என்பதில் குழப்பமில்லை: இந்திய மகளிர் அணியின் முன்னாள் கேப்டன், சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை.

மறுநாள் திருமங்கலம் வழியாக மதுரைக்கு பஸ் ஏறி, நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். முதலில் எடுத்தது 2021ஆம் ஆண்டு பத்மஸ்ரீ பட்டியல். 'பால்துரை' என்று தேடினேன். அப்படி ஒருவர் இல்லை. ஆனால் அனிதாவுக்கு விருது கிடைத்தது ஊரறிந்த செய்தி. பிறகு வரிவரியாகப் படித்தபோதுதான் கண்ணில் பட்டது: 'பி. அனிதா, விளையாட்டு, தமிழ்நாடு'.

முதல் முடிச்சு இதுதான். நம் ஊரில் ஒற்றை எழுத்தாகப் பெயருக்கு முன்னால் நிற்பது, பன்னாட்டுப் போட்டிப் பட்டியலில் குடும்பப் பெயராகிக் கடைசிக்குப் போய்விடுகிறது. உள்ளூர்ச் செய்திகளில் பி. அனிதா, வெளிநாட்டு ஆவணங்களில் பால்துரை. இரண்டு பெயரிலும் தேடினால்தான் ஒரே ஆள் முழுதாகக் கிடைப்பார்.

அடுத்தது வயதுக் கணக்கு. பிறந்தது 22 ஜூன் 1985. பதினோரு வயதுவரை தடகளமும் வாலிபாலும்தான். கூடைப்பந்து அதற்குப் பிறகே வந்தது. 2000 முதல் 2017 வரை பதினெட்டு ஆண்டுகள் இந்திய அணியில் இருந்தார் என்கிறார்கள். கழித்தால் பதினேழுதானே வருகிறது? இரு முனை ஆண்டுகளையும் சேர்த்து எண்ணினால் பதினெட்டு. அப்படியென்றால் பள்ளி வயதிலேயே நாட்டுக்காக ஆடத் தொடங்கியிருக்கிறார். பத்தொன்பது வயதில் கேப்டன் என்பது 2004 ஜூனுக்கும் 2005 ஜூனுக்கும் இடைப்பட்ட காலம்.

ஒன்பது ஆசிய மகளிர் கூடைப்பந்துப் போட்டிகளில் ஆடியவர் என்ற வரியையும் அப்படியே நம்ப மனம் வரவில்லை. ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் அந்தப் போட்டியின் பட்டியலில் 2003 இல்லை. ஒன்று குறைகிறதே என்று பார்த்தால், அது 2004 ஜனவரியில் ஜப்பானின் செண்டாயில் நடந்திருக்கிறது. விரல் விட்டு எண்ணினேன்: 2001, 2004, 2005, 2007, சென்னையில் நடந்த 2009, பிறகு 2011, 2013, 2015, 2017. சரியாக ஒன்பது. பதினாறு வயதில் தொடங்கியவர் ஒன்றைக்கூட விடவில்லை. கடைசிப் போட்டி பெங்களூரில், அதற்குள் பெயரும் ஆசியக் கோப்பை என்று மாறியிருந்தது. பி பிரிவு இறுதியாட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்று வென்று இந்தியா மேல் பிரிவுக்கு ஏறியது.

சரி, சம்பளம் எங்கிருந்து வந்தது? பஞ்சாபின் சத்னாம் சிங்குக்கு இந்தக் கேள்வியே எழாது. 2015இல் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் வீரர் தேர்வில் டல்லாஸ் மாவெரிக்ஸ் அவரை 52ஆவது ஆளாக எடுத்தது. எடுத்த நாள், அணி, ஆட்டம் எல்லாம் பதிவில் இருக்கின்றன. நம் பெண்களின் தொழில்முறைச் சரித்திரம் அலுவலகப் பெயரில் அல்லவா கிடக்கிறது! அனிதா தெற்கு ரயில்வே ஊழியர். தேசியப் போட்டியில் ரயில்வே தனி அணி. அதில் வேலைக்குச் சேர்ந்த சென்னைப் பெண் சொந்த மாநிலத்தையே எதிர்த்து ஆட நேரும். இது தெரியாமல் தமிழ்நாட்டு அணிப் பட்டியலையே புரட்டிக்கொண்டிருந்தால், வேலை கிடைத்த ஆண்டோடு ஆட்டக்காரியே காணாமல் போய்விட்டதாகத் தோன்றும். ரயில்வே, வங்கி, போலீஸ் என்று அணியின் பெயரைப் படித்தாலே அவர்களுக்குச் சம்பளம் போடுவது யார் என்று தெரிந்துவிடும்.

அடுத்த வாரம் மைதானத்துக்குப் போனேன். "கெடைக்கும். ஆனா வேலை கேக்கப் போற எடத்துல மொதல்ல சர்ட்டிபிகேட்டத்தான் பாப்பாங்க" என்றேன். ஓடிப்போய் எடுத்து வந்தாள். நோட்டு அட்டையில் பெயருக்குப் பின்னால் இருந்த எழுத்து, ஒரு சான்றிதழில் முன்னால் இருந்தது. இன்னொன்றில் எழுத்தே இல்லை.

"எல்லாத்துலயும் ஒரே மாதிரி எழுதி வாங்கும்மா."

"இதுக்கா சார் மதுரைக்குப் போனீங்க?" என்று சிரித்துவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினாள்.