பாட்டன் ஊர் பார்க்க

ஆடிப்பெருக்கன்று மேட்டூர் போயிருக்கிறீர்களா? காவிரியில் முங்கி, அணைக்கட்டு முனியப்பனுக்குப் பொங்கல் வைத்து, பிள்ளைக்கு மொட்டை போட்டு... அம்மாடி, என்ன கூட்டம்! வெள்ளம் தானாக வந்த காலத்துப் பண்டிகை இது. 1934-ல் அணை வந்தபிறகு வெள்ளம் வர ஷட்டரைத் தூக்கியாக வேண்டும். (வறண்ட வருடங்களில் ஆடிப்பெருக்குக்கென்றே தண்ணீர் விட்டதும் உண்டு.)

அணைக்காகப் பல கிராமங்களைக் காலி செய்தார்கள். பண்ணவாடி ஜலகண்டேஸ்வரர் கோயில் அப்படியே தண்ணீருக்குள் போனது. அந்த ஊர்களிலும் குழந்தைகள் தத்தித்தத்தி நடந்திருக்கும், காது குத்தும்போது வீறிட்டிருக்கும்.

அணை 120 அடி நிரம்பினால் நமக்குக் கொண்டாட்டம். ஆனால், நீர் வெகுவாக இறங்கினால்தான் கோயில் நந்தியும் பழைய சர்ச் கோபுரமும் தலைகாட்டும். டெல்டா விவசாயி கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் அந்த நாட்கள்தான், "அதா பாரு கண்ணு, நம்ம பாட்டன் ஊரு" என்று பிள்ளைக்குக் காட்ட வாய்ப்பதும்!