ஆகாய மார்க்கமும் மலைநாடும்

இலங்கையின் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தேயிலை மலைகளை உண்டாக்கிய நம் முன்னோர், தமிழகத்திலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, வனாந்தரங்களைக் கடந்து, வழிநெடுக உற்றாரை மண்ணுக்கு ஈந்துவிட்டு, மாத்தளை மார்க்கமாகக் கால்நடையாகவே மலையேறியவர்கள். அவர்கள் தோணியில் கடந்த அதே கடலை ஆகாய மார்க்கமாகத் தாண்டி, 1935 நவம்பர் 27-ஆம் தேதி, கொழும்பை அடுத்த இரத்மலானை விமானத் தளத்தில் முதன்முதலாக இறங்கியது, சென்னை விமானச் சங்கத்தின் தலைமைப் பயிற்சியாளர் டின்டேல்-பிஸ்கோ செலுத்திவந்த 'புஸ் மாத்' என்னும் ஒற்றைத்தட்டு இறக்கை விமானம்.

இங்கிலாந்தின் டி ஹாவிலண்ட் கம்பெனி நிர்மாணித்த இவ்விமானம், விமானியும் இரு பிரயாணிகளும் காற்றும் மழையும் படாமல் மூடிய அறைக்குள் அமர்ந்து செல்ல வசதி தந்தது. ஆரம்ப காலத்தில் சில விமானங்கள் வானிலேயே இறக்கை முறிந்து உயிர்ப்பலி கொண்டதால், அதன் அமைப்பு பின்னர் பலப்படுத்தப்பட்டது. 1932 அக்டோபர் 15-இல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் சுமந்து பறந்ததும், அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதனைப் பல்லாரி வழியே சென்னைக்குக் கொணர்ந்ததும் இவ்வகை விமானத்திலேதான். 1938-இல் டாட்டா தபால் சேவை கொழும்பு வரை நீண்டது.

1880-களிலேயே ஹட்டனையும் நானுஓயாவையும் எட்டிவிட்ட இருப்புப்பாதையோடு வான்வழி இவ்வாறு கைகோத்தபோது, கடிதத்தின் தூரம் குறுகியது. அம்மலைகளைத் தோள்வலியால் சமைத்தோரின் வாழ்வோ தோட்டத்து வரிசைக் குடியிருப்புகளான லயத்து அறைகளிலேயே நின்றது என்பதையும் சரித்திரம் மறத்தலாகாது.